திங்கட்கிழமைக் கூட்டம் ஏன் முடிவில்லாமல் முடிகிறது?

சம்மாந்துறையில் வாப்பாவின் அரிசி ஆலையை நடத்தத் தொடங்கியிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஒவ்வொரு திங்களும் பன்னிரண்டு பேரை இருத்திக் கூட்டம் வைக்கிறேன். இரண்டு மணித்தியாலம் போகிறது. எல்லாரும் தலையாட்டிவிட்டு எழும்பிப் போகிறார்கள். அடுத்த திங்கள் அதே விடயங்கள் அப்படியே திரும்ப வருகின்றன. கூட்டத்தை எப்படித் திட்டமிட்டு நடத்துவது? வாசலிலேயே போன்களை வாங்கி வைத்துவிட்டால் சரி வருமா?"

தம்பி, முதலில் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 12 பேர், 2 மணித்தியாலம் என்றால் 24 மணித்தியால வேலை. ஓர் ஆள் மூன்று நாள் நின்று செய்கிற வேலை அது. ஒவ்வொரு கிழமையும் மூன்று நாள் சம்பளம் கொடுத்து நீங்கள் வாங்குவது என்ன? "எல்லாரும் ஒன்றாக இருந்து கதைத்தோம்" என்பதுதான் பதில் என்றால், மாதம் ஒருமுறை ஆலையில் பகல் சாப்பாடு போடுங்கள். செலவும் குறைவு, ஆட்களும் சந்தோசமாகக் கதைப்பார்கள்.

ஆலைகள், துணிக்கடைகள், கூட்டுறவுச் சங்கங்கள் என்று பல இடங்களுக்குக் கணக்குப் பார்க்கப் போய், அவர்களுடைய கூட்டங்களில் ஒரு மூலையில் இருந்து பார்த்தவன் நான். எங்கள் ஆட்களுக்குக் கதைக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் செய்தி சொல்வது, கணக்குக் கேட்பது, முடிவெடுப்பது என்று மூன்று வேலைகளை ஒரே இருப்பில் செய்யப் பார்க்கிறோம். செய்தியை வட்ஸ்அப்பில் குரல்பதிவாகப் போட்டுவிடலாம், அல்லது தராசடியில் ஒரு தாள் ஒட்டலாம். கணக்குக் கேட்பது உங்களுக்கும் அந்த ஆளுக்கும் இடையில் ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம். லொறிச் சாரதி டீசல் கணக்குச் சொல்லும்போது பொதி கட்டும் பகுதியில் நிற்கிற பிள்ளை ஏன் குந்தியிருந்து கேட்க வேண்டும்? பலர் சேர்ந்து இருந்தே ஆகவேண்டியது முடிவெடுக்க மட்டும்தான், அதுவும் ஒருவர் தனியே எடுத்தால் மற்றவருடைய வேலை குழம்புகிற முடிவுகளுக்கு.

நல்ல கூட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க நீங்கள் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. போகம் தொடங்குமுன் நடக்கிற ஆரம்பக் கூட்டத்துக்கு உங்கள் வாப்பா எத்தனையோ தடவை போயிருப்பார். மாவட்டச் செயலாளரோ பிரதேச செயலாளரோ தலைமை தாங்குவார். நீர்ப்பாசனப் பொறியியலாளர் முதலில் எழும்பிக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று சொல்வார். அந்த எண்ணை வைத்துத்தான் மற்ற எல்லாமே: எத்தனை ஏக்கர் செய்யலாம், எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, விதைப்புக்குக் கடைசி நாள் எது, எத்தனை மாத நெல்லினம், வாய்க்கால் எப்போது துப்புரவாக்குவது, மாடுகளை எந்தத் திகதிக்குமுன் வயற்பக்கத்திலிருந்து அகற்றுவது. சத்தம் போடுவார்கள், சில வேளை சண்டையும் வரும். ஆனால் எழும்பிப் போகும்போது ஒவ்வொருவர் கையிலும் திகதிகள் இருக்கும். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடுகிற வட்டவிதானைக்குத் தன் வேலை தெரியும். மாட்டுக்காரருக்குத் தன் கெடு தெரியும். விவசாய அமைப்புகள் தங்களுக்குள் முன்கூட்டியே கதைத்துவிட்டு வருவதால், மண்டபத்தில் புதிதாகக் கிளம்புகிற வாதம் குறைவு. நூற்றுக்கணக்கான ஆட்கள் இருக்கிற கூட்டம் அப்படி முடிகிறது. பன்னிரண்டு பேர் இருக்கிற உங்கள் கூட்டம் முடியவில்லை. உங்கள் கூட்டத்தில் தண்ணீர் மட்டத்தை யாரும் முதலில் சொல்வதில்லை, கடைசியில் திகதியும் யாரும் கேட்பதில்லை.

இனி நிகழ்ச்சி நிரலுக்கு வருவோம். நீங்கள் எழுதி வைத்திருப்பது இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன்: 1. நெல் கொள்வனவு. 2. லொறி. 3. சாக்கு. 4. ஊழியர் விடயம். 5. ஏனைய விடயங்கள். இது தலைப்புகளின் பட்டியல். இதை வைத்துக்கொண்டு நாள் முழுக்கவும் கதைக்கலாம். ஒவ்வொன்றையும் விடை சொல்லக்கூடிய கேள்வியாக மாற்றுங்கள். "நெல் கொள்வனவு" என்பதை, "இந்தப் பெரும்போகத்தில் வயலடியிலேயே ஈர நெல் வாங்குவதா, காய்ந்த நெல் மட்டும் வாங்குவதா?" என்று எழுதுங்கள். உடனே யார் வரவேண்டும், யார் வரத் தேவையில்லை, எந்த எண்கள் கையில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

இந்த ஒரு கேள்வியையே எடுத்துப் பார்ப்போம். அறுவடை மெசின் வந்தபிறகு நெல் வயலிலிருந்து நேரே சாக்குக்கு வருகிறது. காய வைக்க இடமும் நேரமும் இல்லாத விவசாயி ஈரத்தோடு விற்கப் பார்க்கிறார். விலை குறைவுதான். ஆனால் 20 வீத ஈரப்பதத்தில் வாங்கிய 100 கிலோ நெல், அரசின் நெல் சந்தைப்படுத்தல் சபை கேட்கிற 14 வீதத்துக்குக் காயும்போது ஏறக்குறைய 93 கிலோவாகிவிடும். ஏழு கிலோ காற்றோடு போனது. அதற்கு மேல் காய வைக்கிற கூலி, களத்தில் இடம், ஒரு மழை வந்தால் முளைவிடுகிற ஆபத்து. இன்னொரு பக்கம், காய்ந்த நெல்லுக்காகக் காத்திருந்தால் நல்ல நெல்லைப் பொலன்னறுவைப் பக்கத்து வியாபாரி முதலே அள்ளிக்கொண்டு போய்விடலாம். ஆக, முடிவுக்கு மூன்று எண்கள் வேண்டும்: களத்தில் ஒரு நாளைக்கு எத்தனை மூடை காய வைக்கலாம், கையில் எவ்வளவு காசு நிற்கிறது, போன போகத்தில் ஈர நெல்லில் உண்மையில் எவ்வளவு நிறை குறைந்தது. களத்துப் பொறுப்பாளர், கணக்குப்பிள்ளை, கொள்வனவுக்குப் போகிறவர், வாப்பா, நீங்கள் என்று ஐந்து பேர் போதும். சாரதி அவருடைய லொறியைக் கழுவட்டும்.

அந்த மூன்று எண்களையும் அரைப்பக்கத்தில் எழுதி, கூட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் அனுப்புங்கள். சரி, அனுப்பினால் வாசிப்பார்களா? மாட்டார்கள். எங்கள் ஆட்கள் மட்டுமல்ல, உலகத்தில் யாரும் வாசிப்பதில்லை. அமேசான் நிறுவனத்தில் ஜெஃப் பெசோஸ் 2004இல், மேல்மட்டக் கூட்டங்களில் பவர்பொயின்ட் காட்டுவதை நிறுத்தச் சொல்லி, விடயத்தை ஒழுங்கான வசனங்களில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். பிறகு அங்கே கூட்டம் தொடங்கியதும் எல்லாரும் பேசாமல் இருந்து அந்தக் குறிப்பை வாசிப்பது வழக்கமானது. வாசித்துவிட்டேன் என்று பொய் சொல்ல இடமில்லை. அங்கே ஆறு பக்கம் வரை போகும். உங்களுக்கு அரைப்பக்கமே தாராளம், ஐந்து நிமிடத்தில் முடியும். வாசிக்கச் சங்கடப்படுகிறவர் ஒருவர் இருந்தால், நீங்களே சத்தமாக வாசித்துவிடுங்கள். அவரைக் காட்டிக்கொடுக்கத் தேவையில்லை.

அடுத்ததுதான் எங்கள் பகுதியில் எல்லாவற்றையும்விட முக்கியமானது. பெரிய முடிவுகள் எங்களிடம் கூட்டத்தில் எடுக்கப்படுவதில்லை. முதல் நாள் இரவு வீட்டுத் திண்ணையிலோ, பள்ளிவாசல் முற்றத்திலோ, கோயில் வாசலிலோ, கூட்டம் முடிந்து செருப்புப் போடுகிற இடத்திலோதான் எடுக்கப்படுகின்றன. இது பழுது என்று சொல்கிற பயிற்சி வகுப்புகளுக்கு நானும் போயிருக்கிறேன். நான் அப்படி நினைக்கவில்லை. வயதில் மூத்த ஒருவருக்கு முன், பத்துப் பேர் பார்த்திருக்க, "நீங்கள் சொல்வது சரியில்லை" என்று இங்கே யாரும் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் அவர் ஏற்கப்போவதில்லை, ஏனென்றால் அப்போது அது நெல் விடயமாக இருக்காது, மரியாதை விடயமாகிவிடும். ஆகவே முதல் நாளே வாப்பாவிடம் தனியாகப் போய் இருங்கள். "நாளைக்கு இந்தக் கேள்வி வருகிறது, எண்கள் இவை, உங்களுக்கு எதில் யோசனை?" என்று கேளுங்கள். களத்தில் முப்பது வருசமாக நிற்கிற மூத்த காக்கா (அண்ணன்) ஒருவர் இருந்தால் அவரிடமும் போங்கள். எதிர்ப்பு இருந்தால் அங்கேயே கேட்டுவிடலாம். உங்கள் கணக்கில் பிழை இருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும். ஜப்பானியக் கம்பனிகளில் இதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள்: கூட்டத்துக்கு வருமுன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய்க் கதைத்து முடிப்பது.

ஒன்றில் மட்டும் கவனம். திண்ணையில் கதைப்பது கருத்துக் கேட்க. முடிவையே திண்ணையில் எடுத்துவிட்டு, மறுநாள் ஆட்களைக் கூப்பிட்டு, "என்ன செய்வோம், சொல்லுங்கள்" என்று கேட்டால் அவர்களுக்கு உடனே விளங்கிவிடும். இரண்டு தடவை அப்படி நடந்தால் மூன்றாம் தடவை எல்லாரும் தலையாட்டத் தொடங்குவார்கள். உங்கள் கூட்டத்தில் நடப்பதும் அதுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதா, அப்படியே சொல்லிவிடுங்கள்: "இதை நானும் வாப்பாவும் தீர்மானித்துவிட்டோம், எப்படிச் செய்வது என்று மட்டும் கதைப்போம்." யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கூட்டத்துக்குள் யார் முதலில் பேசுவது என்பதிலும் பாதி விடயம் இருக்கிறது. வாப்பா முதலில் வாய் திறந்தால் அத்தோடு சரி, மிச்சப் பேர் அதையே வேறு சொற்களில் சொல்வார்கள். கடற்படை இராணுவ நீதிமன்றங்களில் ஆகக் கனிஷ்ட அதிகாரி முதலில் தன் தீர்ப்பைச் சொல்லும் வழக்கம் பழைய காலத்திலேயே இருந்தது, மேலதிகாரியின் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் மாறக்கூடாது என்பதற்காக. நீங்களும் இளையவரிலிருந்து தொடங்குங்கள். இன்னும் நல்லது, வாய் திறக்குமுன் எழுத வைப்பது. "ஒரு நாளைக்கு எத்தனை மூடை காய வைக்கலாம்? ஆளுக்கொரு துண்டில் எண்ணை எழுதுங்கள்." ஒருவர் 80 என்றும் இன்னொருவர் 200 என்றும் எழுதியிருந்தால், கதைக்க வேண்டிய இடம் அதுதான். ஒருவர் வெயில் நாளை நினைத்து எழுதியிருப்பார், மற்றவர் மாசியில் திடீரென்று வருகிற மழையை நினைத்து எழுதியிருப்பார்.

பொதி கட்டும் பகுதியில் வேலை செய்கிற பெண்கள் கதவடியில் நின்றுகொண்டோ கடைசிக் கதிரையில் இருந்துகொண்டோ கேட்பார்கள். "யாருக்காவது ஏதும் சொல்ல இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் அவர்கள் பேசப்போவதில்லை. அவர்களுக்குத் தெரிந்த விடயத்தை அவர்களிடமே கேளுங்கள்: "இந்தக் கிழமை வந்த சாக்கில் எத்தனை தையல் விட்டது?" அந்த எண் உங்களிடமும் இருக்காது, வாப்பாவிடமும் இருக்காது. அவர்களுடைய விடயத்தை நிரலில் மேலே போட்டு, முடிந்ததும் வேலைக்குப் போக விடுங்கள். கடைசிவரை இருத்தி வைப்பது ஒரு மரியாதை என்று நாங்கள் நினைக்கிறோம், அவர்களோ மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நேரம். திங்கள் காலை நல்ல நேரமல்ல. ஞாயிறு சேர்ந்த வேலையும் லொறிகளும் அன்றுதான் வாசலில் நிற்கும். வெள்ளி ஜும்ஆ, அதைத் தொடவே வேண்டாம். செவ்வாய் அல்லது புதன் காலை 8.30க்கு வைத்து 9.15க்கு முடியுங்கள். நோன்பு மாதத்தில் பின்னேரக் கூட்டம் வைத்து எடுத்த முடிவுகளை நான் நம்புவதில்லை, எல்லாருக்கும் களைப்பு. காரைதீவிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் இருந்தால், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நாட்களை முன்கூட்டியே கலண்டரில் வட்டமிடுங்கள். போயா தினங்களும் அப்படித்தான், அன்று வங்கியும் திறக்காது. அறுவடை மும்முரமான தை கடைசி தொடங்கி பங்குனி வரை கிழமைக் கூட்டத்தையே நிறுத்திவிட்டு, தினமும் காலையில் தராசடியில் நின்றபடி பதினைந்து நிமிடம் கதையுங்கள். மென்பொருள் கம்பனிகளில் இப்படி நடக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் மீன்வாடிகளில் அதிகாலையில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான்.

பிந்தி வருகிறவர்களுக்கு ஒரு மருந்துதான் உண்டு: அவர்களுக்காகக் காத்திருக்காதீர்கள், வந்தபின் நடந்ததைத் திருப்பிச் சொல்லவும் வேண்டாம். தேத்தண்ணியை 8.15க்கே வையுங்கள். நடுவில் வைத்தால் அங்கே ஒரு இருபது நிமிடம் போய்விடும். முதலில் வைத்தால் அதற்காகவே நேரத்துக்கு வருவார்கள். வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை என்பவற்றைச் சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு விட்டுவிடுங்கள். அங்கே அவற்றுக்கு ஓர் இடமுண்டு. ஐந்து பேர் இருக்கிற ஆலைக் கந்தோரில் ஒருவர் எழும்பி, "இங்கே சமுகமளித்திருக்கும்..." என்று தொடங்கினால் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு.

நடத்தும்போது கதை எங்காவது இழுபட்டுப் போகும். போகட்டும் என்று விடவும் கூடாது, முகத்தில் அடித்தாற்போல் நிறுத்தவும் கூடாது. ஒரு தாளை எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்து, "இது முக்கியம், இங்கே எழுதுகிறேன், கடைசியில் எடுப்போம்" என்று எழுதுங்கள். பாதிப் பேர் கடைசியில் அதை மறந்தே போயிருப்பார்கள். ஒருவரை எல்லார் முன்னாலும் ஏசுவதை மட்டும் அறவே விடுங்கள். ஓர் ஆலையில் முதலாளி கூட்டத்தில் வைத்துச் சாரதியை, போன கிழமை சாமான் பிந்தியதற்காக நல்லாக ஏசினார். அந்த மனுசன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமையிலிருந்து லொறியில் என்ன பழுது வந்தாலும் கூட்டத்தில் சொல்வதையே விட்டுவிட்டார். கடைசியில் கியர் பெட்டி போனது மகியங்கனை ஏற்றத்தில், அரிசி மூடைகளோடு. கிறீச்சிட்ட சத்தம் கிழமைக்கணக்காக அவருக்குக் கேட்டிருக்கிறது.

அம்பாறை நகரத்திலிருந்து கொள்வனவாளரோ வங்கி அதிகாரியோ வருகிற கூட்டத்தில் சிங்களமும் தமிழும் ஓடும். அப்போது ஒரு மணித்தியாலக் கூட்டம் இரண்டாகும் என்று முதலே கணக்கு வைத்து, நிரலைப் பாதியாக வெட்டுங்கள். விலை, நிறை, திகதி இந்த மூன்றையும் இரண்டு மொழியிலும் எழுதிய தாளாக மேசையில் வையுங்கள். வாய்வழி எண்களில்தான் பின்னால் வழக்கு வருகிறது. மொழிபெயர்க்கிறவர் பேரம் பேசுகிறவராக இருக்கக்கூடாது. ஒரே ஆள் இரண்டையும் செய்தால், தனக்குப் பிடிக்காத வசனத்தை அவர் சுருக்கிச் சொல்வார். வேண்டுமென்று செய்யாவிட்டாலும் அப்படித்தான் நடக்கும்.

கூட்டறிக்கைத் தாளில் மேலிருந்து கீழாகக் கோடு கீறி, மூன்று பத்திகளாக எழுதுங்கள்: முடிவு, பொறுப்பாளி, திகதி. யார் என்ன சொன்னார் என்ற சரித்திரம் தேவையில்லை. பொறுப்பாளி என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர். "களத்து ஆட்கள்" என்று எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள். எழும்புமுன் அந்த வரிகளைச் சத்தமாக வாசித்து, பெயருக்குரியவர் முகத்தைப் பாருங்கள். தயக்கம் தெரிந்தால் அப்போதே கேளுங்கள், வெளியே போனபின் கேட்டுப் பயனில்லை. தாளை அப்படியே படம் எடுத்து அன்றைக்கே வட்ஸ்அப்பில் போடுங்கள், அழகாகத் தட்டச்சு செய்ய நாளை வரை வைக்க வேண்டாம். அடுத்த கூட்டம் அந்தத் தாளோடுதான் தொடங்க வேண்டும்: செய்தது, செய்யாதது, அவ்வளவுதான். ஒரே வரி மூன்று கிழமை "செய்யாதது" என்று வந்தால் அதை வெட்டிவிடுங்கள், அல்லது வேறு ஆளிடம் கொடுங்கள்.

ஆலையைத் தனியார் கம்பனியாகப் பதிந்திருந்தால் ஒன்றைத் தனியே நினைவில் வையுங்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் கேட்கிற வருடாந்தக் கூட்டம் வேறு. ஐந்தொகைத் திகதியிலிருந்து (கணக்காண்டு முடிகிற நாள்) 6 மாதத்துக்குள், முந்திய வருடாந்தக் கூட்டத்திலிருந்து 15 மாதத்துக்கு மேற்படாமல் அது நடக்க வேண்டும். விசேட தீர்மானத்துக்கு 75 வீத வாக்கு வேண்டும். அதைக் கம்பனிச் செயலாளரிடம் விட்டுவிடுங்கள். செவ்வாய்க் கூட்டத்துக்குள் கலக்க வேண்டாம்.

கடைசியாக, போன் விடயம். வாங்கி வைக்காதீர்கள். வளர்ந்த ஆட்களிடம் போனைப் பறித்தால் முகம் கறுக்கும், அந்தக் கறுப்போடுதான் கூட்டம் முழுக்க இருப்பார்கள். அதோடு அறுவடைக் காலத்தில் கொழும்புப் புறக்கோட்டை மொத்தச் சந்தை விலை ஒரு மணித்தியாலத்துக்குள் மாறலாம், அந்த அழைப்பை யாராவது எடுத்துத்தான் ஆக வேண்டும். ஒருவரைக் குறித்துவிடுங்கள், கணக்குப்பிள்ளை பொருத்தமான ஆள். அவர் போன் மட்டும் மேசையில் இருக்கட்டும். மற்றவர்களைத் தேடி அழைப்பு வந்தால் அவருக்கு எடுக்கச் சொல்லுங்கள். மற்றவர்களுடைய போன்கள் சட்டைப்பையில் சத்தமில்லாமல் கிடந்தால் போதும். 45 நிமிடம்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் யாரும் வெளியே எடுக்கமாட்டார்கள்.